தேனீ என்னும் சுவடி

சிதைந்த ஓலைச்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முற்படுபவர், அந்நூலின் பல படிகளைத் தேடித் திரட்டுவார். ஒன்றில் செல்லரித்த வரி மற்றொன்றில் முழுமையாக இருக்கும். அவற்றை ஒப்பிட்டு மூலத்தை மீட்டெடுப்பார். உயிரியின் மரபுச் செய்தி முழுவதும் அடங்கிய மரபணுத்தொகுதியை அறிவியலாளர் படிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே.

டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை, அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களால் எழுதப்பட்டது. அதன் பல படிகளைச் சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றனர். ஒரு துண்டின் இறுதி மற்றொன்றின் தொடக்கத்தோடு ஒத்திருப்பதைக் கணினி கண்டறிந்து இணைக்கிறது. பூச்சிகளுள் முதன்முதலில் இவ்வாறு படிக்கப்பட்டது டிரோசோபிலா என்னும் பழ ஈ, ஆண்டு 2000. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் வரிசை 2002இல் வெளிவந்தது. 2006இல் வெளியானது, நம் நாட்டில் இத்தாலியத் தேனீ எனப்படும் ஏபிஸ் மெல்லிஃபெராவின் வரிசை.

தேனீ ஆய்வுக்கு ஆண் தேனீக்களின் டி.என்.ஏ. பயன்பட்டது. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது. அதனிடம் 16 குரோமோசோம்கள் கொண்ட ஒற்றைத் தொகுதி மட்டுமே உண்டு. தாய்வழி, தந்தைவழி என இரு பாடங்கள் அதனுள் கலப்பதில்லை. பாடபேதங்களோடு போராடிய பதிப்பாசிரியர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

படித்ததில் தெரிந்தது என்ன? மணம் உணரும் ஏற்பிகள் பழ ஈக்கு ஏறத்தாழ 60, தேனீக்கோ 170. இருண்ட கூட்டினுள் இராணியை அறிவதும் உடன்பிறந்தாரை இனங்காண்பதும் மணத்தால்தானே! மாறாக, சுவை உணரும் ஏற்பிகள் பத்தே காணப்பட்டன. செவிலித் தேனீக்கள் ஊட்ட வளரும் புழுவுக்கும், தேனளித்து வரவேற்கும் மலரை நாடும் பூச்சிக்கும் நஞ்சைச் சுவைத்தறியும் தேவை குறைவு என ஆய்வாளர் கருதினர். நஞ்சை முறிக்கும் நொதிகளுள் முதன்மையான பி450 குடும்பத்தின் மரபணுக்களும் பழ ஈயிடம் 80க்கு மேல் இருக்க, தேனீயிடம் 46 மட்டுமே. வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகளைப் பற்றிய கவலை இதனால் கூடியது இயல்பே. ஆயினும் எண்ணிக்கை குறைவு என்பதாலேயே, மற்றப் பூச்சிகளைவிடத் தேனீ எளிதில் மடியும் என்று முடிவு கட்டலாகாது. நஞ்சுக்கு நஞ்சு விளைவு வேறுபடும் என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

முதற்பதிப்பில் விடுபட்ட வரிகளும் இருந்தன. தேனீயின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அடினைனும் தைமினுமே. அவை செறிந்த பகுதிகளை அன்றைய முறைகள் சரிவரப் பிடிக்கவில்லை. 2006இல் கணக்கிடப்பட்ட மரபணுக்கள் 10,157. மீண்டும் படித்து, உறவுடைய பிற தேனீ இனங்களின் வரிசைகளோடும் ஒப்பிட்டு, 2014இல் மேலும் சுமார் 5,000 மரபணுக்களைச் சேர்த்தனர்.

எழுத்துகள் எல்லாம் கிடைத்தாலும் படிப்பு முடிவதில்லை. இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து பிறப்பவை. எல்லாப் புழுக்களுக்கும் முதல் சில நாள்கள் ராயல் ஜெல்லி கிடைக்கும். இராணியாக வேண்டிய புழுவுக்கோ அது தொடர்ந்து கிடைக்கும். ஒன்று ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடுகிறது. மற்றொன்று கோடையில் சில வாரங்கள் உழைத்து மடிகிறது. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. புள்ளி இருந்தால் ஒரு வாசிப்பு, இல்லையேல் வேறொன்று. டி.என்.ஏ.யின் மீதும் மெத்தில் என்னும் சிறு வேதிப்புள்ளிகள் உண்டு. அவற்றை இடும் நொதிகளுள் ஒன்றின் மரபணுவை, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேனீப் புழுக்களில் செயலிழக்கச் செய்தனர். 2008இல் முடிவை வெளியிட்டனர். அப்புழுக்களுள் பெரும்பாலானவை, முழு வளர்ச்சியுற்ற சூலகங்களோடு இராணிகளாக வெளிவந்தன.