கரிசாலையும் அதன் போலியும்

கிணற்றடி வாய்க்காலோரம், வாழைப்பாத்தி, வயல்வரம்பு என நீர் கசியும் இடமெங்கும் ஒருவரும் விதையாமலே முளைத்து நிற்பது கரிசலாங்கண்ணி. கையாந்தகரை என்பதும் இதுவே. சூரியகாந்திக் குடும்பத்தது ஆதலின், நாம் ஒரு வெண்பூவென எண்ணுவது நுண்ணிய பூக்கள் பல திரண்ட தலையாகும்.

அக்குடும்பத்துச் செடிகள் பலவற்றின் விதைகள் மயிர்க்குடை விரித்துக் காற்றிற் பறப்பன. இதற்கு அக்குடை இல்லை. இலின்னேயசு என்னும் சுவீடன் அறிஞர் 1771இல் இட்ட 'எக்கிளிப்டா' என்னும் பெயர், கிரேக்க மொழியில் அக்குறையையே சுட்டும் என்பர். விதைகள் தாய்ச்செடியின் அடியிலே சொரியும். சில வாய்க்கால் நீரோடு செல்லும். ஒளி படாவிடின் முளையா. புதைந்து கிடப்பவற்றை மண்வெட்டி புரட்டி மேலே கொணர, உடனே தலைகாட்டும். களைபிடுங்க வந்தவனே விதைத்தவனுமாகின்றான்!

கிரேக்கப் பெயர் இல்லாததைச் சுட்ட, தமிழ்ப் பெயர் உள்ளதைச் சுட்டிற்று. தண்டை நசுக்கிச் சாற்றை விரலிற் பூசிச் சற்றுப் பொறுத்தால் கருமை படரும். கரிசல் என்பது கருமை; காரணப்பெயர் என்க. கூந்தலெண்ணெய் காய்ச்சுவோர் இதனைத் தேடுவதும் அக்கருமை நோக்கியே.

இனி, மஞ்சட்பூப் பூக்கும் பிறிதொன்றுண்டு. பொற்றலைக் கையாந்தகரை என நம் மருத்துவர் அழகுறப் பெயரிட்டனர். 1956இல் கோவிந்தாச்சாரியும் உடனாய்வாளரும் அதன் 'வெடலோலக்டோன்' என்னும் பொருளின் கட்டமைப்பை வெளியிட்டனர்; அப்பொருள் வெண்பூச் செடியிலும் உளது.

இடர் இங்கேதான். மஞ்சட்பூ என்றவுடன், வீட்டு முற்றங்களிலும் தெருவோரங்களிலும் அழகுக்காக நட்ட அமெரிக்கக் கொடியொன்றைப் பறித்துக் கொள்வாருளர். அது உறவுச்செடியேயன்றிப் பொற்றலைக் கையாந்தகரை அன்று. நம் நூல்கள் அதனை அறியா. உலகின் கொடிய அயற்படர் உயிரினங்கள் நூறனுள் ஒன்றாக எண்ணப்பட்டது அது. வேறுபாடு காண்டல் எளிது: கொடியின் இலை பளபளத்துப் பெரும்பாலும் மூன்று மடலாய்ப் பிரிந்திருக்கும்; பொற்றலையின் இலை பிரியாது நீண்டிருக்கும். இலை நோக்காது பூவை மட்டும் நோக்கிப் பறித்தல் ஆகாது. ஐயமெனின் மருத்துவரிடம் காட்டுக.

அக்கொடி ஈரநிலத்தைப் போர்த்துவிடின், ஒளி வேண்டும் கரிசாலை விதைக்கு அங்கு இடமில்லை. பிடுங்கி வேலிக்கப்பால் எறிதலும் போதாது. எறிந்த துண்டு கணுவில் வேர்விட்டு அங்கேயே படரும்.