‘ஃபார்மட் பண்ணவா?’ என்று கேட்டால்...

நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியின் டவுன்ஷிப்பில் ஒரு வீட்டு ஹார்டு டிஸ்க்கில் என்னென்ன இருக்கும் என்று ஊகிப்பது சுலபம். பெண்ணின் கல்யாண வீடியோ, பையனின் ஸ்கூல் ஆண்டு விழா, அப்பாவின் பணி ஓய்வுப் பாராட்டு விழா, குவார்ட்டர்ஸ் வாசலில் மாமரத்தடியில் நின்று எடுத்த குடும்பப் படம். சர்வீஸ் முடிந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ பண்ருட்டிப் பக்கம் சொந்த ஊருக்கோ போகிறவர்கள், பீரோ கட்டிலோடு அந்தக் கறுப்புப் பெட்டியையும் வண்டியில் ஏற்றுகிறார்கள். புது வீட்டில் பால் காய்ச்சி, சாமான் அடுக்கி, ஒருநாள் ஆற அமர லேப்டாப்பில் செருகினால் விளக்கு மட்டும் எரிகிறது; டிஸ்க் வரவில்லை.

டிஸ்க் கெட்டதால் படங்களை இழந்தவர்களைவிட, டிஸ்க் வரவில்லை என்றதும் பதறிப்போய் எதையாவது அழுத்தி இழந்தவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

நெய்வேலிக்காரர்கள் முதலில் பழி போடுவது நிலக்கரித் தூசியின் மேல். “மைன்ஸ் தூசி உள்ள போயிருக்கும் சார்” என்று கடையில் சொல்லாதவர் இல்லை. அது அநியாயப் பழி. ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்ற, படிக்கும் ஹெட் அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், கதை முடிந்துவிடும். அதனால்தான் காற்று போய்வரும் சிறு துளைக்கும் உள்ளே வடிகட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். ஆகவே வெளித் தூசி தட்டுவரை போவதில்லை. அது போய் உட்காரும் இடம் கேபிள் செருகும் வாய். அகலமாக, நடுவில் ஒரு வெட்டோடு இருக்குமே, அந்த யுஎஸ்பி 3.0 வாய் நாளாக ஆகத் தொளதொளத்துவிடும். பார்க்க இறுக்கமாகத்தான் தெரியும், தொட்டால் ஆடும்.

எனவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். குட்டையான, நல்ல கேபிளாக இருக்கட்டும். அடுத்தது கரண்ட். சின்ன டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது. ஓடத் தேவையான மின்சாரம் யுஎஸ்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. தட்டு முதலில் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் தேவை அதிகம். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்புகள் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட பழைய கருவியில் செருகினால் டிஸ்க் எழுந்திருக்கப் பார்க்கும், முடியாமல் படுத்துவிடும், மறுபடி எழும். டெஸ்க்டாப்பாக இருந்தால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் செருகுங்கள். ஹப் வேண்டாம். பெரிய டிஸ்க்காக இருந்தால் அதற்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. வேறு எதனுடைய அடாப்டரோ பின் பொருந்துகிறதே என்று மாட்டி போர்டைக் கருக்கியவர்கள் ஏராளம்.

இன்னொரு கம்ப்யூட்டரில் செருகியும் வரவில்லையா? அப்போது விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற திரையைத் திறக்க வேண்டும். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கிறது. திறங்கள், பாருங்கள், கையை எடுத்துவிடுங்கள். உங்கள் டிஸ்க்குக்கு நேரே நீலப் பட்டை, ‘ஹெல்தி’ என்ற எழுத்து, ஆனால் டி, இ, எஃப் போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் கோயிலில் தேங்காய் உடைக்கலாம். கார்டு ரீடரோ வேறெதுவோ அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வலது பொத்தானை அழுத்தி வேறு எழுத்து கொடுத்தால் எல்லாம் வந்துவிடும்.

பட்டைமேல் ‘ரா’ என்று வந்தால் ஃபைல் சிஸ்டத்தை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மகன், பேரனின் படங்களையெல்லாம் தன் மேக் கம்ப்யூட்டரில் வைத்து டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். மேக்கின் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. டிஸ்க் கல்லுப்போல நன்றாக இருக்கும். இங்கே தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். சில டிவிகளும் இதே வேலையைச் செய்யும். நிகழ்ச்சி பதிவுசெய்யத் தயார் செய்யவா என்று டிவி கேட்கும். ரிமோட்டில் ஓகே அழுத்திவிடுவோம். அது தன் முறைக்கு மாற்றி, இருந்ததையும் அழித்துவிடும்.

இரண்டிலும் கம்ப்யூட்டர் கேட்பது ஒரே கேள்வி: இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணவா? வேண்டாம் என்று அழுத்துங்கள். ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்டாலும் அதே பதில்தான். காரணத்தை நெய்வேலி மண்ணே சொல்லும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது பழுப்பும் கறுப்புமாக ஏதோ வரும்வரை, நெய்வேலிக்கு அடியில் நிலக்கரி கிடப்பது மேலே நடமாடியவர்களுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடவில்லை. டிஸ்க்கிலும் எந்தப் படம் எங்கே என்று சொல்லும் அட்டவணை சிதைந்தால் மேலே வெறுமையாகத் தெரியும். படங்கள் அடியில் அப்படியே கிடக்கும், அவற்றின் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை. குயிக் ஃபார்மட் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில் முழு ஃபார்மட் போட்டால் டிஸ்க் முழுக்கச் சுழியத்தை எழுதித் தள்ளிவிடும். அதற்குமேல் எந்த நிபுணர் வந்தாலும் கையை விரிக்க வேண்டியதுதான்.

யூடியூபில் எல்லோரும் சொல்லும் ‘செக் டிஸ்க்’ கட்டளையும் இந்த நிலையில் ஆபத்து. அது பழுது பார்ப்பது டிஸ்க்கின் மேலேயே எழுதித்தான். படங்கள் பிழைத்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை, அட்டவணை ஒழுங்காக இருந்தால் போதும். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பேட் செக்டர் எனும் படிக்க முடியாத பகுதிகள் பெருகிக்கொண்டிருந்தால், டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் நகல் எடுத்துவிட்டு நகலின் மேல் வேலை செய்ய வேண்டும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். சிதைந்த அட்டவணையைத் தேடவும் படங்களைத் தோண்டி எடுக்கவும் நன்றாக உதவுபவை. எடுப்பதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். அதாவது மீட்கும் வேலையே புது டிஸ்க் ஒன்று வாங்குவதில்தான் தொடங்குகிறது. இங்கேதான் பலருக்கு மனசு வருவதில்லை.

சத்தம் வந்தால் கதையே வேறு. டிக், டிக் என்று சீராக அடித்தாலோ உரசல் கேட்டாலோ பெரும்பாலும் ஹெட் போயிருக்கும். உடனே பிடுங்கிவிடுங்கள். கடைசியாக ஒருமுறை பார்க்கலாமே என்று போடும் ஒவ்வொரு முறையும் ஹெட் தட்டைச் சுரண்டக்கூடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று ஒரு கைவைத்தியம் உலகமெங்கும் சுற்றுகிறது; உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம். பெட்டியை உடைத்து உள்ளிருக்கும் டிஸ்க்கை நேரே கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகையில் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி வாயே டிஸ்க்கின் போர்டில் ஒட்டியிருக்கும். பல மாடல்களில் தகவல் பூட்டுக்குறியீடாக எழுதப்பட்டிருக்கும். அதே மாடல் டிஸ்க்கின் போர்டை மாற்றும் பழைய வித்தையும் இன்று அப்படியே பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கின் அளவுத்திருத்தமும் அதனதன் போர்டிலுள்ள சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்பையும் கழற்றி மாற்றியாக வேண்டும்.

முதல் ஹார்டு டிஸ்க்கை ஐபிஎம் 1956 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளளவு. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே படத்துக்குச் சரியாகப் போய்விடும். அதே ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிலக்கரிக்காகப் பதிவான கம்பெனிதான் இன்றைய என்எல்சி. அதன் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. அங்கே ஷிப்ட் பார்த்தவர்கள் எடுத்து வைத்த படங்கள் பல, இப்படி யாரோ வீட்டு அலமாரியில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள்தான் இருக்கும். திரும்பப் போய் எடுக்கக்கூடிய படங்கள் அல்ல அவை.

சத்தம் போடும் டிஸ்க்கை உள்ளூரில் திறக்க விடாதீர்கள். தூசியில்லா அறை இருக்கும் இடத்தில்தான் அதைத் திறக்க வேண்டும். அதற்குச் சென்னை போன்ற பெரிய ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும். செலவு கையைக் கடிக்கும். பணம் கட்டும்முன் எந்தெந்த ஃபைல் கிடைத்தது என்று பட்டியல் கேளுங்கள், நல்ல இடத்தில் காட்டுவார்கள். டிஸ்க்கோடு ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள்: கீழே விழுந்ததா, என்ன சத்தம், திரையில் என்ன வந்தது, நீங்கள் எதை அழுத்தினீர்கள். கடைசிக் கேள்விக்கு “நான் ஒண்ணும் பண்ணல சார்” என்று எல்லோரும் சொல்வது அவர்களுக்கும் தெரியும். உண்மையை எழுதினால் அவர்கள் வேலை பாதியாகக் குறையும்.