ரோஸ் கலரும் அடிக்காசு ரசீதும்

ஊர்க் கடைகள் – 9

2024 பிப்ரவரி இரண்டாவது வாரத்தில், புதுச்சேரியின் அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் ஒரு வீடியோ வெளியிட்டார். பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் கலந்திருப்பதை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள் என்றார். விற்பனைக்கும் தடை. உணவுப் பாதுகாப்புத் துறையிடம் தரச் சான்று வாங்கியவர்கள் மட்டும் விற்கலாம்.

அந்த வருடம் மாசி மகம் பிப்ரவரி 24. வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் முதல் சுற்றுவட்டார சாமிகள் அத்தனையும் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் நாள். சாமிகளுக்கு முன்னாலேயே ராட்டினமும் வளையல் கடையும் வந்துவிடும். மூங்கில் கழியில் ரோஸ் கலர் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மணியாட்டி நடக்கும் வடமாநிலப் பையன்களும் வருவார்கள். வருடத்தில் அவர்களுக்கு நல்ல வியாபாரம் நடக்கும் நாட்களில் அது ஒன்று. தடை வந்தது அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு.

தமிழ்நாட்டில் தடை அறிவிப்பு வந்தது பிப்ரவரி 17 அன்று. இடையில் ஒரு வாரத்துக்கும் மேல் இருக்கிறது. முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே நடந்தால் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது விழுப்புரம் மாவட்டம். ஆக அந்த ஒரு வாரம், இந்தப் பக்கம் விற்கக் கூடாத பஞ்சு மிட்டாயை அந்தப் பக்கம் விற்கத் தடையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு சாராய விலைக்கு மட்டும்தான் பயன்படுகிறது என்று யார் சொன்னது?

ரோடமின் பி துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம். மலிவு, சிட்டிகை போதும், நிறம் பளீரென்று நிற்கும். உணவில் சேர்க்க அனுமதியே கிடையாது. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் நம் நாட்டில் எட்டு. சிவப்புக்கும் ரோஸுக்கும் கார்மாய்சின், எரித்ரோசின், பொன்சோ 4ஆர் இருக்கின்றன. மிட்டாய் வகைகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 100 மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. சர்க்கரையை அலுமினியக் கிண்ணத்தில் கொட்டி, விரல் நுனியில் நிறத்தை எடுத்துத் தூவி, சுற்றும் தலையில் போட்டு இழையாக்குகிறவரிடம் அதை அளக்க என்ன இருக்கிறது? தப்பான பொடியை விட்டு நல்ல பொடிக்கே வந்தாலும், கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் அவர் விதிமீறியவர்தான். பொடியை அவருக்கு விற்ற கடை ஊரில் எங்கோ இருக்கிறது. அந்தக் கடைக்குப் போர்டு இருக்கிறது, முகவரி இருக்கிறது. வீடியோவில் மாட்டுகிறவர் கழி தூக்கியவர்.

அவரிடம் என்ன காகிதம் இருக்க வேண்டும்? 2006-ன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5-ல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. தள்ளுவண்டிக்காரர், கூவி விற்பவர், தற்காலிகக் கடை போடுபவர் யாருக்கும் உரிமம் தேவையில்லை, பதிவு போதும் என்று அதன் 31-ஆம் பிரிவு சொல்கிறது. 2011 விதிகளில் வருட விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை சிறு வியாபாரம் என்று வைத்தார்கள். கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். படிவம் ஏ, ஒரு போட்டோ, அடையாள அட்டை, முகவரி. ஏழு நாளுக்குள் அதிகாரி பதிவு தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருவதாகச் சொல்ல வேண்டும். ஏழு நாளில் ஒன்றுமே சொல்லாவிட்டாலோ, நேரில் பார்ப்பதாகச் சொல்லி 30 நாள் ஆகியும் முடிவு இல்லாவிட்டாலோ கடைக்காரர் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்குச் சின்ன வியாபாரி மேல் இரக்கம் இருந்திருக்கிறது, சந்தேகமில்லை. விண்ணப்பமும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. 2020 ஜூனில் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்துக்கு முதலில் மாறிய பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று.

ஆனால் இந்த விதி மனதில் வைத்திருப்பது தெருமுனையில் வருடம் முழுக்க நிற்கும் வண்டியை. திருவிழாக் கடைக்காரர் இன்று வில்லியனூர் தேர், அடுத்த வாரம் கடலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன், அதற்கடுத்து திண்டிவனம் என்று போகிறவர். தேர் ஒரே நாள். ஏழு நாள், 30 நாள் சலுகைகளை வைத்து அவர் என்ன செய்வார்?

வேடிக்கை என்னவென்றால், திருவிழாவில் காகிதமே இல்லாமல் யாரும் கடை போட முடியாது. அடிக்காசு ரசீது கட்டாயம். எத்தனை அடி இடம், எவ்வளவு காசு என்பதில் ஒரு கடைகூடத் தப்பாது. நகராட்சியோ, கொம்யூன் பஞ்சாயத்தோ, வசூலை ஏலம் எடுத்தவரோ, சாக்கை விரித்த பத்தாவது நிமிடம் வந்து நிற்பார்கள். அந்த ரசீது இடத்துக்கு மட்டும். இடத்தின் மேல் கொதிக்கிற எண்ணெய் எத்தனாவது நாள் எண்ணெய் என்பது அவர்கள் துறை இல்லை. அதைக் கேட்க வேண்டிய துறைக்கோ, எந்தெந்தக் கடை எங்கே வரப்போகிறது என்ற பட்டியல் கிடையாது. பட்டியல் ஒரு கையில், சட்டம் இன்னொரு கையில்.

வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் ஆடித் தேரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. அரசே வந்து நிற்கிற திருவிழா. அங்கே ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை முன் குனிந்து பாருங்கள். மூன்று செங்கல், மேலே வாணலி. மாவு வாளி மணலில் பாதி புதைந்திருக்கும். பக்கத்தில் டெல்லி அப்பளம் முறத்தளவு விரிந்து காற்றுக்கு ஆடும், அதன் மேல் மிளகாய்ப் பொடியோடு கடற்கரை மணலும் கொஞ்சம். 2011 விதிகளின் நான்காம் அட்டவணைப்படி தெருக்கடையில் உணவு தயாரிக்கும் மேடை தரையிலிருந்து குறைந்தது 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில், கழுவினால் சுத்தமாகும் பரப்போடு இருக்க வேண்டும். எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை முதல் இது விதி. பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துத் தருவதும் தப்பு, அச்சு மை ஒட்டும். இந்தப் பத்திரிகைக்கும் அது பொருந்தும்.

ஐஸ் விஷயம் இன்னும் நுட்பம். வீராம்பட்டினம் மீனவர் ஊர். மீன் பெட்டிகளுக்கு ஐஸ் கட்டி தாராளமாகப் புழங்குகிற இடம். அந்த ஐஸ் சாப்பிடுவதற்கென்று உறைய வைத்தது அல்ல. சர்பத்துக்கும் கரும்புச் சாறுக்கும் போடுகிற ஐஸ் குடிநீரில் உறைந்ததாக இருக்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அதனால்தான் 2018 ஜூன் முதல், சாப்பிடத் தகாத ஐஸில் லேசாக நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. எனக்குத் தெரிந்து இந்த விதிகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். படிவம் கிடையாது, ஆன்லைன் கிடையாது, ஐஸ் ஃபாக்டரி வாசலிலேயே வேலை முடிந்துவிடுகிறது. தம்ளரில் நீலம் தெரிந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் வேண்டாம் என்று வைத்துவிடலாம். சாய விஷயத்திலும் இப்படி விற்கிற இடத்தில் பிடித்திருந்தால் பஞ்சு மிட்டாய்ப் பையன் தலைப்புச் செய்தி ஆகியிருக்க மாட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். லாபத்துக்கு நடந்தாலும் லாபமின்றி நடந்தாலும் உணவு கொடுப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணவுத் தொழில்தான். தேர் வரும் தெருவெல்லாம் கட்சிக் கொடி கட்டி, தலைவர் படம் வைத்துப் போடும் அன்னதானமும் நீர்மோர்ப் பந்தலும் இதில் அடக்கம். நூறு பேருக்குப் பஜ்ஜி போடுகிற அம்மாவிடம் பதிவு எண் கேட்பவர்கள், அண்டா அண்டாவாகப் புளிசாதம் இறங்கும் பந்தலில் கேட்டு நான் பார்த்ததில்லை.

2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தைக்காரருக்கு அது உதவும். ஊர் ஊராகப் போகிறவருக்கு அந்தக் குழுவில் நாற்காலி எது? அவரை எல்லாருக்கும் முன்னால் பார்ப்பது அடிக்காசு வசூலிப்பவர் மட்டுமே. அந்த ரசீதின் அடியில் பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டு, எண் இல்லாதவருக்கு அங்கேயே கொடிமரத்தடியில் மேஜை போட்டு, ஒரு அதிகாரியும் ஒரு செல்போனும் வைத்தால் மாலைக்குள் பதிவு முடியும். ஏலத் தொகையில் மேஜை வாடகைக்குப் பஞ்சம் வராது.

அடுத்த வாரம்: பெரிய மார்க்கெட் மீன் அங்காடி.