ஆற்றல் நிலைமாற்றமும் தமிழ் வகுப்பறையும்

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைப் பெரும்பாலும் தமிழிலேயே பயிலும் நம் மாணவர், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கின்றனர். ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்னும் தொடரை மேற்கொண்டு ஆளும் வாய்ப்பு அவர்களுக்குத் தமிழ்மொழிப் பாடத்தில் மட்டுமே எஞ்சுகிறது. ஆற்றல் பற்றிய பொது உரையாடலில் அவர்கள் தமிழிலும் பங்கேற்க வேண்டுமாயின், அதற்குரிய பயிற்சியைத் தமிழாசிரியரே அளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

2023ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட தேசிய ஆற்றல் நிலைமாற்றத் திட்டம், 2050ஆம் ஆண்டிற்குள் மின்துறையின் நிறுவுதிறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மூலங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என இலக்கு வகுத்துள்ளது. ஈண்டு இரு வேறுபாடுகள் நோக்கத்தக்கன. ‘ஆற்றல் மாற்றம்’ என்பது ஆற்றலின் ஒரு வடிவம் மற்றொரு வடிவமாதலைக் குறிக்கும். மின்விளக்கில் நிகழ்வது அதுவே. ஒரு நாடு நிலக்கரியிலிருந்து கதிரொளிக்குப் பெயர்வதை ‘ஆற்றல் நிலைமாற்றம்’ எனப் பிரித்து வழங்குதல் தகும். அவ்வாறே ‘நிறுவுதிறன்’ வேறு, ‘உற்பத்தி’ வேறு. நிலக்கரி நிலையத்தின் 1 கிலோவாட் திறன் நாள் முழுவதும் இயங்கினால் 24 அலகு மின்சாரம் கிடைக்கும். அதே திறனுடைய சூரியத் தகடு நம் நாட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 முதல் 4 அலகே தரும். இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் நாட்டின் இலக்கையே பிழைபடப் புரிந்துகொள்வர்.

இப்பயிற்சிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு தக்க களமாகும். கிள்ளானை அடுத்த காப்பாரில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கி வந்துள்ளது. அதனை முன்வைத்து மாணவரை விளக்கக் கட்டுரை எழுதச் செய்யலாம். விவாதக் கட்டுரைக்கும் பொருள் அருகிலேயே உள்ளது. கூரைத் தகட்டின் உபரி மின்சாரத்தைக் கட்டணத்தில் கழிக்கும் நிகர அளவீட்டுத் திட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. தனக்கெனக் கூரை இல்லாத பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக் குடும்பம் இந்நிலைமாற்றத்தில் எவ்வாறு பங்குபெறும்? இவ்வினாவுக்கு ஆயத்த விடை இல்லை. ஆதலின் மாணவர் தாமே சிந்தித்து எழுதுவர்.

மலாய்மொழியில் வரும் வீட்டு மின்கட்டண ரசீதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கிக் கூறுமாறு பணிப்பதும் பயனுள்ள வாய்மொழிப் பயிற்சியாகும். தமிழாசிரியர் அறிவியல் ஆசிரியராக வேண்டுவதில்லை. தொடக்கப்பள்ளியில் மாணவர் கற்ற சொற்களுக்கு மீண்டும் வேலை கொடுத்தாலே போதும்; வழங்காத கலைச்சொல் அகராதியில் மட்டுமே தங்கிவிடும்.