இரண்டு வன்தட்டு, இரண்டு இயங்குதளம்: ஒன்று காணாமல் போனால் என்ன செய்வது?



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல், இன்னொரு வன்தட்டை மாட்டி அதில் உபுண்டு போட்டுக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் ஒருநாள் கணினியைத் திறந்தால் இரண்டில் ஒன்று வராது. உள்ளேயோ எஸ்.பி.எம். பயிற்சித் தாள்கள், பல ஆண்டுக் கட்டுரைத் தொகுப்பு, மாணவர்களின் வாய்மொழிப் பயிற்சிப் பதிவுகள். பதற்றத்தில் 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்று தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பெரும்பாலும் கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும். உள்ளே போகும் வழிதான் தவறியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

கணினியைத் திறந்ததும் முதலில் ஓடுவது தாய்ப்பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ என்ற நிரல். (பயாஸ் என்றே பலரும் சொல்வோம்.) அது வன்தட்டில் ஈஎஃப்ஐ பகுதி என்ற ஒரு சிறிய இடத்தைத் தேடும். விண்டோஸைத் தொடங்கும் நிரலும், உபுண்டுவைத் தொடங்கும் 'கிரப்' நிரலும் இருப்பது அங்கேதான்.

சிக்கல் இங்கேதான். உபுண்டு இரண்டாம் வன்தட்டில் இருந்தாலும், அதன் தொடக்க நிரல் முதல் வன்தட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். நிறுவும்போது ஏற்கெனவே இருக்கும் ஈஎஃப்ஐ பகுதியையே பயன்படுத்திக்கொள்வது வழக்கம். வீடு உங்களுடையது, சாவி பக்கத்து வீட்டில் என்ற கதைதான். முதல் வன்தட்டைக் கழற்றினால், இரண்டாவதில் முழுசாக இருக்கும் உபுண்டுவும் எழாது.

இந்த வரிசையில் பாருங்கள்

1. கணினியைத் திறந்த உடனே தொடக்கப் பட்டியல் விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. மாடலுக்கு மாடல் மாறலாம். 'விண்டோஸ் பூட் மேனேஜர்', 'உபுண்டு' இரண்டும் தெரிந்து, இரண்டும் திறந்தால், வரிசைதான் மாறியிருக்கிறது. பயாஸில் மாற்றி வைத்தால் போதும்.

2. பயாஸ் அமைப்பைத் தொடுவதற்கு முன்னாடி, விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று யோசியுங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

3. பயாஸிலேயே வன்தட்டின் பெயர் இல்லையா? மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல், தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

4. வன்தட்டு தெரிகிறது, இயங்குதளம் எழவில்லை என்றால், உபுண்டு போட்ட யூஎஸ்பியில் தொடங்கி, நிறுவாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகளை முதலில் வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள். பழுது பார்ப்பது அதற்கு அப்புறம்தான். லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறலாம். ஆகவே வன்தட்டை அதன் கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து அடையாளம் காணுங்கள்.

பழுது மாதிரி தெரியும் இரண்டு

உபுண்டுவில் விண்டோஸ் கோப்பு திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லையா? விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாக இருக்கலாம். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாது. அதை நிறுத்திவிடுங்கள்.

விண்டோஸ் கடிகாரம் 8 மணி நேரம் பின்தங்குகிறதா? பேட்டரி போகவில்லை. உபுண்டு கணினிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் நேரம் 8 மணி முந்தியது என்பதால் அந்த வித்தியாசம். இணையத்தில் பயிற்சி ஒப்படைக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி நிறுவும்போது

ஒரு வன்தட்டில் நிறுவும்போது மற்றதன் கேபிளைக் கழற்றி வையுங்கள். அப்போது ஒவ்வொன்றும் தன் தொடக்க நிரலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒன்று கெட்டாலும் மற்றது எழும்.

இன்னொன்று: ஒரே பெட்டிக்குள் இரண்டு வன்தட்டில் கோப்பு இருந்தால் அது காப்புநகல் ஆகாது. மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். தேர்வுக் காலத்துக்கு முன் வெளியே ஒரு நகல் கட்டாயம்.

எந்த வன்தட்டில் எந்த இயங்குதளம், தொடக்க விசை எது என்று ஒரு சீட்டில் எழுதி, கணினிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். பழுது பார்க்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.