மூளையில் அடைத்த கட்டியை எடுக்கும் கருவிகள்: எது மேல்?



பக்கவாதத்தால் ஒருவர் படுக்கையானபின் அவருடைய வீட்டார் தாழ்ந்த குரலில் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, வேறே இடத்தில் புதுக் கருவி இருக்கிறதாமே, அங்கே கொண்டு போயிருந்தால் எழுந்து நடந்திருப்பாரோ?" நாங்கள் வைத்தியர்களல்ல. ஆனால் படுக்கையருகே உட்காருகிறவர்கள் பொய்யான ஆறுதலும் சொல்லக்கூடாது, வீணான குற்ற உணர்வையும் வளரவிடக்கூடாது. ஆகவே கேட்டும் வாசித்தும் அறிந்ததை உங்களுக்காக இங்கே எளிய முறையில் எழுதுகிறோம்.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை இரத்தக்குழாய் அடைபடுவதால் வருகிறவை. மற்றவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருகிறவை. நாம் பேசப்போவது முதல் வகையைப் பற்றி மாத்திரமே. இருதயத்திலோ கழுத்துத் தமனியிலோ உண்டான இரத்தக்கட்டி ஒன்று பெயர்ந்து ஓடி, மூளைக்குப் போகும் பெரிய குழாயில் சிக்கிக்கொள்ளுகிறது. அதற்கு அப்பாலுள்ள பகுதிக்கு இரத்தம் நின்றுபோகிறது. நடுப்பகுதி சீக்கிரம் செத்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ, அக்கம்பக்கத்துச் சிறு குழாய்களின் வழியே கிடைக்கும் கொஞ்சம் இரத்தத்தால் சில மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வைத்தியர்கள் காப்பாற்றப் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். பெரிய குழாய் அடைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் வெளியான ஒரு கணக்கு சொல்லுகிறது.

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துக்கு 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் மூன்று மணி நேரத்துக்குள் மட்டுமே போட்டார்கள். 2008-ல் வந்த ஆய்வுக்குப்பின் அது நாலரை மணி நேரமாயிற்று. சிறு கட்டிகளுக்கு இது நல்ல மருந்து. பெரிய குழாயை அடைத்த நீண்ட கட்டியையோ இது பல வேளைகளில் கரைப்பதில்லை. ஆகையால் கட்டியை உள்ளே போய் எடுத்துவிடும் வழியைத் தேடினார்கள்.

வழி எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றே. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைக் கழுத்து வழியாக மூளை வரை செலுத்துகிறார்கள். முனையில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் வந்தது மெர்சி என்னும் கருவி. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. போத்தல் தக்கையை எடுக்கும் திருகுபோலக் கட்டியைக் கொக்கியிட்டு இழுக்கும். முதல் ஆய்வில் பாதிப்பேருக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே அடைப்பு நீங்கிற்று.

அடுத்தது ஸ்டென்ட் ரிட்ரீவர் என்னும் வலைக்குழல். சுருங்கிய நிலையில் கட்டிக்குள் நுழைத்து விரியவிட்டால், கட்டி அதன் கம்பிக் கண்களுக்குள் பிடிபடும். சில நிமிடம் பொறுத்து வலையையும் கட்டியையும் சேர்த்து இழுத்துவிடுவார்கள். இந்த வகையைச் சேர்ந்த சொலிட்டேர் கருவியை மெர்சியோடு ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் வெளியானது. மூளைக்குள் ஆபத்தான இரத்தக்கசிவு இல்லாமல் குழாய் திறந்தது சொலிட்டேரில் நூற்றுக்கு 61 பேருக்கு, மெர்சியில் 24 பேருக்கு. மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் முறையே நூற்றுக்கு 17, 38. அந்தக் காலத்தில் எந்தக் கருவி என்பது உயிருக்கே வித்தியாசம் உண்டாக்கிற்று.

மூன்றாவது உறிஞ்சும் முறை. வாய் அகன்ற மென்குழாயைக் கட்டியின் முகத்தில் ஒட்டவைத்து, பம்பினால் உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் கட்டியை உடைத்து உடைத்து உறிஞ்சினார்கள். குழாய்கள் மென்மையாகவும் அகலமாகவும் ஆனபின் முழுசாகவே எடுக்க முயல்கிறார்கள். பலிக்காவிட்டால் அதே குழாய் வழியாக வலையையும் அனுப்பலாம்.

வலையா, உறிஞ்சுதலா? பிரான்சில் 381 பேரிடம் செய்யப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வில், உறிஞ்சுதலை முதலில் செய்தபோது நூற்றுக்கு 85 பேருக்கும், வலையை முதலில் இட்டபோது 83 பேருக்கும் முடிவில் குழாய் திறந்தது. 2019-ல் வெளியான மற்றொரு ஆய்வில், மூன்று மாதத்துக்குப்பின் தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொண்டவர்கள் உறிஞ்சுதலில் நூற்றுக்கு 52, வலையில் 50. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வலையைவிட மேலா என்று பார்த்த 2021-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்விலும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. கட்டியின் தன்மையையும் குழாயின் வளைவையும் பார்த்து, கைப்பழக்கமுள்ள வைத்தியர் எதைத் தெரிந்துகொண்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? 2013-ல் வெளியான மூன்று ஆய்வுகள், கருவி வைத்தியத்தால் கூடுதல் நன்மை இல்லை என்றன. அவற்றில் பெரும்பாலும் பழைய கருவிகள். பெரிய குழாய்தான் அடைத்திருக்கிறதா என்று ஸ்கேனில் பாராமலே சேர்க்கப்பட்டவர்களும் இருந்தார்கள். சிகிச்சை தொடங்கவும் தாமதமாயிற்று. 2015-ல் வந்த ஐந்து ஆய்வுகளில் ஸ்கேனில் பார்த்து ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள், பெரும்பாலும் வலைக்குழலை உபயோகித்தார்கள், வேகமாகவும் செய்தார்கள். அந்த 1,287 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, கட்டி எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 46 பேர் பிறர் உதவியில்லாமல் வாழ்ந்தார்கள். மற்றவர்களில் 26 பேரே அப்படி வாழ்ந்தார்கள். 46 என்பது பெரிய காரியம். ஆனாலும் கட்டி எடுக்கப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த நிலையை அடையவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது.

2018 முதல், காப்பாற்றக்கூடிய பகுதி மீந்திருப்பதாக ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரையிலும் சிலருக்கு இதைச் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி யாரிடம் மீந்திருக்கும் என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது.

பிரேசில் நாட்டில் 12 அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 221 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. வசதி குறைந்த அவ்விடங்களிலும் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 20-இலிருந்து 35 ஆக உயர்ந்தார்கள். கருவியோடு, பழகிய கைகளும் வேளைக்கு எடுக்கப்பட்ட ஸ்கேனும் அங்கே சேர்ந்திருந்தன. ஆகவே கருவி ஒன்றின் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் உதவி கேட்டால், இரண்டு கேள்வி கேளுங்கள்: நடுராத்திரியிலும் ஸ்கேன் எடுக்க ஆள் உண்டா? அதைப் பார்த்து உடனே முடிவு செய்யப் பழகினவர் உண்டா?

வீட்டாரின் கேள்விக்கும் இதுவே பதில். இன்று வழக்கத்திலுள்ள முறைகளில் இதற்குப் பதில் அது இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மனம் வருந்த இடமில்லை. உங்கள் பிரியமானவரை நீங்கள் தவறான கருவியிடம் ஒப்புக்கொடுத்துவிடவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் கையில் இருப்பதோ நேரம். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால், "தூங்கி எழுந்தால் சரியாகும்" என்று படுக்கவைக்காதிருங்கள். அவர் கடைசியாக நன்றாயிருந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கவேண்டாம். பக்கவாதத்துக்கு உடனே சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை வீட்டார் எல்லாரும் காணும் இடத்தில் எழுதி வையுங்கள்.