ஆறு ஒன்று, மொழிகள் பல: மீகொங் வடிநிலத்து மக்கள்

குளத்து நீரை நம்பி வயல் செய்தவர்கள் நாம். மாரியில் குளம் வான் பாய்வதும் கோடையில் வற்றுவதும் எமக்குப் பழகிய காட்சிகள். ஆனால், ஓர் ஆறு வருடத்தில் நான்கைந்து மாதங்கள் திசை மாறி மேல்நோக்கி ஓடி ஒரு குளத்தை நிரப்புகின்றது என்றால் நம்புவோமா?

கம்போடியாவில் இது நடக்கின்றது. அங்குள்ள தொன்லே சாப் ஏரியின் நீர், அதே பெயருள்ள ஓர் ஆற்றின் வழியாக மீகொங் நதியில் சேர்கின்றது. மழைக்காலத்தில் மீகொங் பெருகியதும் அதன் வெள்ளம் அந்த ஆற்றுக்குள் புகுந்து ஏரியை நோக்கித் திரும்பி ஓடும். கோடையில் 3,000 சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, அப்போது நான்கைந்து மடங்காக விரியும். மழை ஓய்ந்து நீர் மீண்டும் கடலை நோக்கித் திரும்பும் நவம்பர் மாதத்தில், மக்கள் வள்ளப் போட்டிகளுடன் நீர்த் திருவிழாக் கொண்டாடுவர்.

ஆறு நாடுகளின் நதி

மீகொங் திபெத் மேட்டுநிலத்தில் பிறக்கின்றது. சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளினூடாகவும் அவற்றின் எல்லைகளிலும் 4,300 கி.மீற்றருக்கு மேல் ஓடித் தென்சீனக் கடலில் கலக்கின்றது. அதன் வடிநிலம் ஏறத்தாழ 795,000 சதுர கி.மீ. இலங்கையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அங்கே ஏறக்குறைய 7 கோடி மக்கள் வாழ்கின்றனர்.

ஒவ்வொரு மக்களும் நதிக்குத் தம் மொழியில் பெயரிட்டுள்ளனர். சீனருக்கு அது லன்சாங். கெமர் மொழியில் ‘பெரிய ஆறு’. பல வாய்களாகப் பிரிந்து கடலைச் சேர்வதால் வியட்நாமியர் அதை ‘ஒன்பது டிராகன்கள்’ என்பர்.

இந்த மொழிகள் நாட்டு எல்லைக்குள் அடங்கி நிற்பவை அல்ல. லாவோ மொழி பேசுவோர் லாவோசில் இருப்பதை விடத் தாய்லாந்தின் வடகிழக்கில்தான் அதிகம். வியட்நாமின் கழிமுகத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கெமர் மக்கள் உள்ளனர். சாம் மொழி பேசும் இஸ்லாமியர் கம்போடியாவின் ஆற்றோரங்களில் மீன் பிடிக்கின்றனர். மலைகளில் மோங், கெமு முதலிய பல இனத்தவர் வாழ்கின்றனர். கெமர், லாவோ, தாய் எழுத்துகள் தென்னிந்தியப் பல்லவர் கால எழுத்தின் வழிவந்தவை என்பது எமக்கு இனிய செய்தி.

நீர் வகுத்த தொழில்

மொழி வேறானாலும் இம்மக்களுக்கு நாட்காட்டி ஒன்றுதான். அது நதியின் ஏற்றமும் வற்றமும். வெள்ளம் வடிந்ததும் லாவோசில் ஆற்றங்கரைச் சரிவில் மரக்கறித் தோட்டம் போடுவர். புதிய வண்டல்தான் பசளை. வயலில் அவர்கள் விளைவிப்பது பெரும்பாலும் ஒட்டும் தன்மையுள்ள அரிசி. கம்போடியாவின் வெள்ளநிலங்களில், நீர் உயர உயரத் தானும் பல மீற்றர் நீளும் நெல்லினம் உண்டு.

ஏரி வடியத் தொடங்கும்போது மீன்கள் கூட்டமாக ஆற்றுக்கு வரும். நெல் விளைவிக்கும் குடும்பங்கள் மாட்டுவண்டியில் அரிசியைக் கொண்டுவந்து மீனுக்கு மாற்றி, உப்பிட்டு நொதிக்கவைத்து, வருடம் முழுவதற்கும் ‘பிராகொக்’ செய்துகொள்வது பழைய வழக்கம்.

வியட்நாமின் நெல்லில் பாதிக்கு மேல் மீகொங் கழிமுகத்தில் விளைகின்றது. உவர் ஏறும் கரையோரங்களில் மாரியில் நெல்லும் கோடையில் இறாலும் மாறிமாறிச் செய்கின்றனர். அங்குள்ள மிதக்கும் சந்தைகளில் விற்பனைப் பொருளை நீண்ட கம்பில் கட்டித் தொங்கவிடுவர். எந்த மொழிக்காரரும் தூரத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

திரும்பி வந்தவர்கள்

இந்த வளமான நிலத்திலிருந்தும் மக்கள் துரத்தப்பட்டனர். 1975 முதல் 1979 வரையான கெமர் ரூஜ் ஆட்சியில் குடும்பங்கள் ஊர் ஊராக இடம் மாற்றப்பட்டன. பல உள்ளூர் நெல்லினங்கள் அழிந்தன. பின்பு போருக்கு அஞ்சி இலட்சக்கணக்கானோர் தாய்லாந்து எல்லை முகாம்களில் பல ஆண்டுகள் நிவாரணத்தில் வாழ்ந்தனர்.

1992 மார்ச்சில் தொடங்கி ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில், 360,000க்கு மேற்பட்டோர் ஐ.நா. அகதிகள் உயர் ஸ்தானிகராலயத்தின் உதவியுடன் நாடு திரும்பினர். குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டெயர், அதாவது ஐந்து ஏக்கர் அளவில், காணி தருவதாக முதலில் கூறப்பட்டது. ஆனால் பல இடங்களில் கண்ணிவெடி. ஏனைய காணிகளில் வேறு குடும்பங்கள் குடியிருந்தன. 1979க்கு முந்திய காணி உரிமையை 1989க்குப் பின் வந்த சட்டங்கள் ஏற்கவில்லை. ஆகவே பெரும்பாலானோர் காணிக்குப் பதிலாக, பெரியவருக்கு 50 டொலர், பிள்ளைக்கு 25 டொலர் என்ற உதவித்தொகையையும் உலர் உணவையும் பெற்றுக்கொண்டு உறவினர் இருந்த ஊர்களுக்குச் சென்றனர்.

பணம் செலவழிந்துவிடும். காணி இல்லாத விவசாயி கூலியாளாகின்றார். திரும்பிய பலருக்கு நேர்ந்தது இதுவே.

ஆயினும் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெமர் ரூஜ் ஆட்சிக்கு முன் சேகரிக்கப்பட்ட கம்போடிய நெல்லினங்கள் நூற்றுக்கணக்கில் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 1980களில் அந்த விதைகள் கம்போடியாவுக்குத் திரும்பின. சேமித்து வைத்த விதை ஒரு நாட்டின் வயலை மீட்க உதவியது.

அணைகளின் காலம்

இன்று இம்மக்களின் கவலை அணைகள். சீனாவில் மேல் நதியிலும் லாவோசிலும் பல அணைகள் எழுந்துள்ளன. லாவோசின் சயபுரி அணை 2019 இல் இயங்கத் தொடங்கியது. அணைகள் மின்சாரம் தருகின்றன. ஆனால் மீனின் பாதையையும் வண்டலையும் மறிக்கின்றன. 2018 ஜூலையில் லாவோசின் தென்பகுதியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் அணை உடைந்து, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். 1995 இல் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் மீகொங் நதி ஆணைக்குழுவை அமைத்தன. ஆனால் அணை வேண்டாமென்று தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

நாம் சிந்திக்க

விவசாயியின் அறிவு அவரோடு இடம்பெயரும். காணியும் நீரும் கூடவருவதில்லை. இதையே மீகொங் மக்களின் கதை எமக்குக் கூறுகின்றது. ஊர்க் கூட்டங்களில் இவற்றைப் பேசிப் பார்ப்போம்: எமது காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் பத்திரமாக உள்ளனவா? தொலைந்திருந்தால், பிரதி எடுக்க இன்றே முயல்கின்றோமா? காணிக்குப் பதிலாகப் பணம் என்று எவராவது கேட்டால், எமது பிள்ளைகளை நினைத்துப் பதில் சொல்வோமா? எமது ஊர் விதைநெல் யாரிடமாவது ஒரு கொத்தாவது மிஞ்சியிருக்கின்றதா? இருந்தால், அதைப் பங்கிட்டு விதைப்போம்.